இயந்திரத்தின் மூச்சை அடைக்காத தூசி வலை
பம்புசெட், டிராக்டர், டீசல் எஞ்சின் வைத்திருப்போர் கவனத்திற்கு

தை பிறந்ததும் காவிரி டெல்டாவில் சம்பா அறுவடை மும்முரமாகிறது. களத்து மேட்டில் கதிரடிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பதரும் சண்டும் வைக்கோல் துரும்பும் புகைபோல் எழும்புகின்றன. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் உதிர்க்கும்போது கதிரின் செதிலும் தோகைத் தூளும் பறக்கின்றன. கோவை, உடுமலைப் பகுதிகளில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்று மண்ணையும் சருகையும் வாரிக்கொண்டு வந்து பம்புசெட் கொட்டகைக்குள் கொட்டுகிறது.

இந்தக் கூளமெல்லாம் காற்று போகும் வழியிலேயே போய்ச் சேர்கிறது. டிராக்டரின் ரேடியேட்டர், டீசல் எஞ்சினின் குளிர்விப்புத் தகடுகள், மோட்டாரின் பின்புற விசிறி மூடி ஆகியவை நாள் முழுவதும் காற்றை இழுத்துக்கொண்டே இருப்பவை. காற்றோடு கூளமும் வந்து அங்கே அப்பிக்கொள்கிறது. போதாக்குறைக்கு எலி கூடு கட்டுகிறது. குளவி மண் வைத்து அடைக்கிறது.

இதைக் கண்ட விவசாயி என்ன செய்கிறார்? பழைய சேலையையோ சாக்கையோ கொசுவலையையோ எடுத்து அந்தத் துவாரத்தின் மேல் கட்டிவிடுகிறார். தூசி நிற்கிறது. ஆனால் காற்றும் நின்றுவிடுகிறது. சில நாட்களில் மோட்டாரின் காயில் கருகுகிறது அல்லது எஞ்சின் கொதித்து பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது. காயில் கட்டி வருவதற்குள் பயிர் வாடுகிறது. எஞ்சினைப் பிரித்து மாட்டுவதற்குள் மழை வந்து களத்து நெல்லை நனைக்கிறது. தூசியால் வந்திருக்கக்கூடிய கேட்டை, தூசியைத் தடுக்கப் போட்ட துணியே முந்திக்கொண்டு செய்துவிடுகிறது.

தூசி வலை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். வலை வேண்டும், அது காற்றைத் தடுக்காத வலையாக இருக்க வேண்டும். அதற்குச் சில எளிய கணக்குகள் உள்ளன.

வெப்பம் எவ்வளவு?

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் அளவுக்கு வெப்ப சக்தி அடங்கியுள்ளது. இதில் சுமார் மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பெரும் பங்கு சைலன்ஸர் வழியே புகையோடு போகிறது. நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ரேடியேட்டர் வழியாகவே வெளியேற வேண்டும். மணிக்கு 4 லிட்டர் டீசல் எரிக்கும் டிராக்டரின் ரேடியேட்டர், 1000 வாட் மின் அடுப்புகள் பத்துப் பன்னிரண்டு ஒரே நேரத்தில் எரிந்தால் உண்டாகும் வெப்பத்தை இடைவிடாமல் வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. இந்த வேலையைச் செய்வது காற்று ஒன்றே. ரேடியேட்டரில் உள்ள தண்ணீர், எஞ்சினின் வெப்பத்தைக் காற்றிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிதான்.

மின் மோட்டாருக்கும் இதே நியாயம். 5 குதிரைத்திறன் மோட்டார் நூற்றுக்கு 85 பங்கு திறனுடன் ஓடினாலும், மீதியுள்ள 15 பங்கு வெப்பமாகிறது. இது சுமார் 650 வாட். இவ்வெப்பம் வெளியேறாவிட்டால் காயில் கம்பியின் மேலுள்ள வார்னிஷ் பூச்சு சிறிது சிறிதாகக் கெடுகிறது. காயில் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி சென்டிகிரேடு கூடும்போதும் பூச்சின் ஆயுள் பாதியாகிறது என்பது மின் பொறியியலில் நெடுங்காலமாக வழங்கிவரும் பொது விதி. பத்தாண்டு உழைக்க வேண்டிய மோட்டார், 20 டிகிரி கூடுதல் வெப்பத்திலேயே ஓடினால் இரண்டரை ஆண்டில் வைண்டிங் கடைக்குப் போய்விடும்.

இரு வகைக் காற்று

எஞ்சினுக்கு இரு வகைக் காற்று தேவைப்படுகிறது. ஒன்று, டீசலை எரிப்பதற்காகச் சிலிண்டருக்குள் போகும் காற்று. இதில் மண் தூசி சிறிதும் இருக்கக்கூடாது. இருந்தால் பிஸ்டன் வளையமும் லைனரும் தேய்ந்துவிடும். அதற்காகவே ஏர் கிளீனர் இருக்கிறது. மற்றொன்று, குளிர்விக்கும் காற்று. இதில் மெல்லிய தூசி இருந்தால் கெடுதி குறைவு. தகடுகளுக்கிடையே புகுந்து மறுபுறம் வெளியேறிவிடும். இங்கே தடுக்கவேண்டியது பதர், துரும்பு, சருகு, பஞ்சு, பூச்சி, பல்லி, எலி ஆகியவற்றை மட்டுமே.

பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். ஏர் கிளீனருக்கு மெல்லிய வடிகட்டி நல்லது என்றால் ரேடியேட்டருக்கும் நல்லதுதானே என்று கருதி, துணியையோ பஞ்சுத் தாளையோ கட்டுகிறார்கள். இதுவே முதல் தவறு. குளிர்விக்கும் காற்றின் அளவு மிக அதிகம். அதைத் தள்ளும் விசிறியின் அழுத்தமோ மிகக் குறைவு. துணியை ஊடுருவிக் காற்றை இழுக்கும் சக்தி அந்த விசிறிக்குக் கிடையாது.

வலையின் கண்ணும் கம்பியும்

வலையை வாங்கும்போது கண்ணின் அளவை மட்டும் பார்த்தால் போதாது; கம்பியின் கனத்தையும் பார்க்க வேண்டும். 6 மி.மீ. கண்ணும் 1 மி.மீ. கம்பியும் உள்ள வலையை எடுத்துக்கொள்வோம். ஒரு கண்ணும் ஒரு கம்பியும் சேர்ந்து 7 மி.மீ. ஆகிறது. திறந்த பரப்பு 6 x 6 = 36. மொத்தப் பரப்பு 7 x 7 = 49. ஆக, நூற்றுக்கு 73 பங்கு திறந்திருக்கிறது. 3 மி.மீ. கண்ணும் அரை மி.மீ. கம்பியும் கொண்ட வலையிலும் இதே 73 பங்குதான் கிடைக்கும். ஆனால் 1 மி.மீ. கண்ணும் அரை மி.மீ. நூலும் உள்ள நைலான் வலையில் 44 பங்கே திறந்திருக்கும். பாதிக்கு மேல் வழி அப்போதே அடைபட்டுவிட்டது.

மெல்லிய கம்பியால் செய்த நல்ல கொசுவலையில் 60 பங்குக்கு மேல் திறப்பு இருக்கலாம். புதிதாகக் கட்டியவுடன் பெரிய வித்தியாசம் தெரியாது. அரை மணி நேரம் கதிரடித்த பிறகு பார்த்தால்தான் உண்மை விளங்கும். நெல்லின் சுணையும் பஞ்சும் சிறு கண்களின் குறுக்கே படுத்துக்கொள்கின்றன. அவற்றின் மேல் தூசி படிகிறது. வலை கம்பளம்போல் ஆகிவிடுகிறது.

எனவே தடுக்கவேண்டிய பொருளுக்கு ஏற்றபடி கண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெல் பதர், துரும்பு, மக்காச்சோளச் செதில் ஆகியவற்றுக்கு 3 மி.மீ. கண் போதும். குளவி நுழையாமலிருக்கவும் அதுவே பொருந்தும். எலி, அணில், சருகு ஆகியவற்றுக்கு 6 மி.மீ. கண் ஏற்றது. அதற்கு மேற்பட்ட கண்ணில் சுண்டெலி நுழைந்துவிடும். துருப்பிடித்த வலையும், கனமாகப் பெயின்ட் அடித்த வலையும் கண் சுருங்கியவை. அவற்றை விலக்க வேண்டும்.

பரப்பைப் பெருக்குவதே வழி

துவாரத்தின் மேல் அதே அளவில் தட்டையாக வலையைக் கட்டினால் எந்த வலையானாலும் காற்றுக் குறையும். துவாரத்தைவிட வலை பெரிதாக இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியமான விதி. வலையின் பரப்பு இரு மடங்கானால் அதன் வழியே போகும் காற்றின் வேகம் பாதியாகிறது. வேகம் பாதியானால் வலை கொடுக்கும் தடை பாதிக்கும் கீழே, பெரிய கண் வலையில் ஏறக்குறைய கால் பங்காகவே குறைந்துவிடும். காற்று மெதுவாக வருவதால் துரும்பு வலையில் இறுக ஒட்டுவதுமில்லை. எஞ்சின் நின்றதும் பெரும்பகுதி தானே உதிர்ந்துவிடும்.

ஓர் உதாரணம். டிராக்டரின் முன்புறக் காற்று வழி 40 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1800 சதுர செ.மீ. இதன்மேல் 73 பங்கு திறப்புள்ள வலையைத் தட்டையாகப் பொருத்தினால் 1314 சதுர செ.மீ. மட்டுமே மிஞ்சும். தூசி படியப் படிய அதுவும் குறையும்.

அதே வலையை 15 செ.மீ. ஆழமுள்ள பெட்டிபோல் செய்து முன்னே நீட்டிப் பொருத்தினால், நான்கு பக்கங்களிலும் சேர்த்து 2550 சதுர செ.மீ. கூடுகிறது. மொத்த வலைப் பரப்பு 4350. திறந்த பரப்பு சுமார் 3175 சதுர செ.மீ. பத்தில் நான்கு பங்கு கண்கள் அடைபட்ட பிறகும் 1900 சதுர செ.மீ.க்குக் குறையாது. வலையே இல்லாத துவாரத்தின் அளவைவிட இது அதிகம். ஒரு துண்டு வலையும் சிறிது கம்பியும் வெல்டிங் கூலியும் தவிர வேறு செலவில்லை.

பெட்டி வலையை ரேடியேட்டரின் தகடுகளோடு ஒட்டிப் பொருத்தக் கூடாது. நான்கு விரற்கடை இடைவெளியாவது வேண்டும். ஒட்டியிருந்தால் வலையில் துரும்பு படிந்த இடத்துக்கு நேரே உள்ள தகடுகளுக்குக் காற்றே கிடைக்காது. இடைவெளி இருந்தால் காற்று பக்கவாட்டில் பரவி எல்லாத் தகடுகளையும் தொடும். பெட்டியைச் சுற்றிச் சந்து விடாமல் ரப்பர் பட்டை ஒட்டுவது நலம். கருவியில்லாமல் கையாலேயே கழற்றி மாட்டும்படி கொக்கி வைக்க வேண்டும். கழற்றுவது கடினமாக இருந்தால் யாரும் சுத்தம் செய்யமாட்டார்கள்.

பல டிராக்டர்களில் ரேடியேட்டருக்கு முன்னால் கழற்றக்கூடிய வலை தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் அதைச் சுத்தம் செய்வதே போதும். அதன்மேல் இரண்டாவது வலை கட்டினால், 73 பங்கில் 73 பங்கு என்ற கணக்கில், திறப்பு 53 பங்காகக் குறைந்துவிடும்.

காற்று வெளியேறும் பக்கத்தில் எக்காரணம் கொண்டும் துணியோ சிறுகண் வலையோ கட்டக்கூடாது. விசிறியைச் சுற்றியுள்ள தகட்டு மூடியையும், ரேடியேட்டர் ஓரத்திலுள்ள ரப்பர் பட்டைகளையும் கழற்றிப் போட்டுவிடுவதும் தவறு. அவை இல்லாவிட்டால் சூடான காற்றே திரும்பத் திரும்ப முன்பக்கம் வந்து ரேடியேட்டருக்குள் நுழையும்.

மோட்டாருக்கு வலை வேண்டாம், கொட்டகைக்கே வேண்டும்

மூடிய வகை மோட்டாரில் உடலின் மேல் நீளவாக்கில் தகடுகள் இருக்கும். பின்புறம் மூடிக்குள் உள்ள விசிறி காற்றை இழுத்து அந்தத் தகடுகளின் மேல் செலுத்துகிறது. விசிறி மூடிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியாவது இருக்க வேண்டும். திறந்த வகை மோட்டாரில் காற்று காயிலைத் தொட்டுக்கொண்டே உள்ளே போய் வருகிறது. இவ்வகைக்குத்தான் எலி, பல்லித் தொல்லை அதிகம். ஆழ்துளைக் கிணற்றில் உள்ள நீர்மூழ்கி மோட்டாரைச் சுற்றியுள்ள தண்ணீரே குளிர்விக்கிறது. அதற்கு இந்தக் கவலை இல்லை.

மோட்டாரின் சிறு துவாரத்தில் வலை கட்டுவதைவிட, கொட்டகையின் சன்னலில் வலை அடிப்பதே சிறந்தது. துவாரம் கையகலம், சன்னலோ அதைப்போல் பல மடங்கு. 5 குதிரைத்திறன் மோட்டார் உள்ள கொட்டகையில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் 2 அடிக்கு 2 அடி திறப்பு ஒன்றும், எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி அதே அளவில் மற்றொன்றும் அமைக்கலாம். சூடான காற்று மேலே ஏறி மேல் திறப்பு வழியே வெளியேறும். அதன் இடத்தை நிரப்பக் கீழ்த் திறப்பு வழியே குளிர்ந்த காற்று வரும். இதற்கு விசிறியோ மின்சாரமோ தேவையில்லை. கீழே மட்டும் இரண்டு சன்னல் வைத்தால் இந்த ஓட்டம் ஏற்படாது. இரு திறப்புகளிலும் 6 மி.மீ. கண் கம்பி வலை அடித்து, சாரல் படாமலிருக்க வெளிப்புறம் சரிந்த பலகைகளைப் பொருத்த வேண்டும். கீழ்த் திறப்பு நிழல் விழும் பக்கம் இருப்பது நலம். தகரக் கொட்டகையானால் கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்தால் வெயிலின் கடுமை குறையும்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்கு நியாயம் வேறு. அதில் உண்டாகும் வெப்பம் சொற்பம். எறும்பும் பல்லியும் தொடுமுனைகளுக்கிடையே சிக்கினால் கேடு அதிகம். எனவே அதை நன்றாக மூடி, கேபிள் நுழையும் ஓட்டைகளை ரப்பர் வளையத்தால் அடைக்க வேண்டும். சூரிய சக்தி பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வெப்பத் தகடுகளோ விசிறியோ இருந்தால் அவற்றை மூடக்கூடாது.

ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்போர்க்கு எச்சரிக்கை

மழைக்கும் அணிலுக்கும் பயந்து மோட்டாரைச் சாக்கால் மூடிவைப்பது வழக்கம். ஓடாத மோட்டாரை மூடலாம்; தவறில்லை. ஆனால் இன்று பல தோட்டங்களில் ஆட்டோ ஸ்டார்ட்டரும் செல்போனால் இயக்கும் ஸ்டார்ட்டரும் உள்ளன. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடத் தொடங்கிவிடும். மேலே சாக்கு கிடந்தால் விடிவதற்குள் காயில் கருகிவிடும். சாக்கு விசிறியில் சிக்கித் தீப்பிடிக்கவும் கூடும். மெயின் சுவிட்சை அணைக்காமல் எந்த மோட்டாரையும் மூடக்கூடாது. மூடிய சாக்கின் கயிற்றில் ஒரு சிவப்புத் துணியை முடிந்து, அதை மெயின் சுவிட்சின் கைப்பிடியில் தொங்கவிட்டால், சுவிட்சைப் போடப் போகும் கைக்கு அதுவே நினைவூட்டும்.

களத்தில் செய்ய வேண்டியவை

வலைக்கு முன்னதாக நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கதிரடிக்கும்போது டிராக்டரோ டீசல் எஞ்சினோ காற்று வரும் பக்கமும், பதர் விழும் வாய் காற்று போகும் பக்கமும் இருக்கும்படி நிறுத்தினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். காற்று திசை மாறினால் இயந்திரத்தையும் மாற்றி நிறுத்துவது நலம்.

மணிக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்தி வலையைத் தட்டி உதற வேண்டும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யும்போது காற்று வரும் திசைக்கு எதிர்த்திசையில், அதாவது எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, கம்ப்ரஸர் காற்றைச் செலுத்த வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் துரும்பு தகடுகளுக்குள் ஆழமாகப் போய்ச் சிக்கிக்கொள்ளும். அழுத்தம் அதிகமானால் தகடுகள் மடியும். குழாயை ஒரு சாண் தள்ளி நேராகப் பிடிக்க வேண்டும். எண்ணெய்க் கசிவு இருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். எண்ணெய்ப் பசையில் படிந்த தூசி காற்றால் போகாது. எஞ்சின் ஆறிய பின் சோப்பு நீரால் கழுவ வேண்டும். காற்றால் குளிரும் டீசல் எஞ்சினில் தகட்டு உறையைக் கழற்றினால்தான் சிலிண்டர் தகடுகளிடையே அடைந்த கூளம் தெரியும். ஒவ்வோர் அறுவடைப் பருவத்துக்கு முன்பும் இதைச் செய்தாக வேண்டும். சைலன்ஸர் அருகே படிந்த காய்ந்த சண்டையும் அப்போதே அகற்ற வேண்டும். அது தீப்பிடிக்கக் கூடியது. மோட்டாரை மட்டும் ஒருபோதும் நீரால் கழுவக்கூடாது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே அதைத் தொட வேண்டும்.

வெப்ப முள் சிவப்பை நோக்கி ஏறினால் உடனே பாரத்தை நீக்க வேண்டும். தண்ணீர் ஒழுகிவிடாமல் இருந்தால், எஞ்சினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு விசிறியால் ஆறச் செய்து பிறகு நிறுத்தலாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீச்சியடிக்கும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடித்துவிடும். இரண்டையும் செய்யவே கூடாது.

வலை சரியா என்று அறிவது எப்படி?

வலை இல்லாமல் வழக்கமான பாரத்தில் அரை மணி நேரம் ஓட்டி வெப்ப முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வலையை மாட்டி, அதே பாரத்தில், அதே வெயிலில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். முள் நகராவிட்டால் வலை சரி. ஏறினால் கண்ணைப் பெரிதாக்க வேண்டும் அல்லது பெட்டியை ஆழப்படுத்த வேண்டும். இரு முறையும் ரேடியேட்டர் சுத்தமாக இருப்பது அவசியம்.

மோட்டாருக்கு வெப்ப முள் இல்லை. கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது நம்பத்தக்கதல்ல; நல்ல மோட்டாரும் கை பொறுக்காத அளவு சுடும். தொடாமல் வெப்பம் காட்டும் கருவி உள்ளூர் எலக்ட்ரீஷியனிடம் இருந்தால் அதைக்கொண்டு, கொட்டகையில் வலை அடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடலாம். மின்னழுத்தக் குறைவு, ஒரு முனை மின்சாரம் நின்றுபோதல், பேரிங் தேய்வு ஆகியவற்றாலும் மோட்டார் சூடாகும். காற்று வழி சுத்தமாக இருந்தும் சூடு தணியாவிட்டால் இவற்றைச் சோதிக்க வேண்டும்.

வலையின் வேலை கூளத்தை நிறுத்துவது. நிறுத்திய கூளத்தை அகற்றுவது மனிதரின் வேலை. அறுவடை நாட்களில் மணிக்கு ஐந்து நிமிடம் இதற்கென ஒதுக்கும் விவசாயி, களத்து நெல் நனையும் நேரத்தில் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியிராது.